இருபத்துநாலாவது சாடி

தலவிலயிலிருந்து றோசலின் நன்றி சொல்ல எடுத்த ஃபோன்தான் எல்லாவற்றையும் கிளப்பிவிட்டது. நன்றி கேட்டும் ஒருத்திக்குக் கோபம் வருமா என்று கேட்பவர்களுக்கு முஃப்லிஹா டீச்சரைத் தெரியாது.

"டீச்சர், நீங்க குடுத்துவிட்ட சாடி ரெண்டும் நல்ல வடிவா இருக்கு. அன்னம்மாள் சுரூபத்துக்கு ரெண்டு பக்கமும் வச்சிருக்கிறன். திருநாளுக்கு வாற சனமெல்லாம் கேக்கப்போகுது, எங்கால வாங்கினதெண்டு. உங்களுக்கு ஏன் டீச்சர் இந்தச் சிலவு?"

"நான் குடுத்துவிட்ட சாடியா?"

"ஓம், உங்கட தம்பி முந்தநாள் கொண்டுவந்து தந்தவர். எங்கட பழசையும் அவரிட்டக் கவனமாக் குடுத்துவிட்டனான். வந்து சேந்ததுதானே?"

சேர்ந்தது என்று பொய்யும் சொல்லாமல், சேரவில்லை என்று மெய்யும் சொல்லாமல், பிறகு பேசுவதாகச் சொல்லி டீச்சர் ஃபோனை வைத்தாள். அவள் யாருக்கும் சாடி கொடுத்துவிடவில்லை. யாரிடமும் சாடி கேட்கவும் இல்லை. அவளுடைய பெயரைச் சொல்லிக்கொண்டு, அவளுடைய கூடப்பிறந்தவனே ஓர் ஏழை வீட்டுக்குள் நுழைந்து, கடைச் சாடி இரண்டை வைத்துவிட்டு முந்நூறு வருசத்துச் சாடியைத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறான். சுவர் ஏறிக் குதித்த கள்ளனுக்காவது பயம் என்று ஒன்று இருக்கும். இவன் முன்வாசலால் போய், கதிரையில் இருந்து, தேத்தண்ணியும் குடித்துவிட்டு அல்லவா வந்திருக்கிறான்! டீச்சருக்குக் காது மடல்வரை சுட்டது.

கற்பிட்டியில் முஃப்லிஹா டீச்சரின் வீடு எது என்று கேட்டால், "சாடி வூடா?" என்று திருப்பிக் கேட்டுவிட்டுத்தான் வழி காட்டுவார்கள். முப்பது வருடம் வரலாறு படிப்பித்து ஓய்வு பெற்றவள். முன் ஹோலில் மூன்று கண்ணாடி அலுமாரிகள். அவற்றுக்குள் இருபத்துமூன்று பழைய பூச்சாடிகள். ஒன்றிலாவது ஒரு பூ இருந்ததில்லை. "இந்த வூட்டுல சாடிக்கெல்லாம் எடம் ஈக்கி, எனக்குத்தான் சாஞ்சிருக்க ஒரு மூலையில்ல" என்று அவளுடைய கணவன் பாயிஸ் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் முறையிடுவார். டீச்சர் அதைக் காதில் போட்டுக்கொண்டதேயில்லை.

பழசு எது, பழசு போல நடிப்பது எது என்று பிரித்துச் சொல்ல அந்தக் கரையில் அவளை விட்டால் ஆளில்லை. சாடியைக் கையில் எடுத்தால் பூவையும் பறவையையும் பார்க்கமாட்டாள், முதலில் கவிழ்த்து அடியைத்தான் பார்ப்பாள். மனிதருக்கு முகம், சாடிக்கு அடி என்பது அவளுடைய சட்டம். அடி வளையம் மினுக்கம் இல்லாமல் விரலுக்குச் சொரசொரக்க வேண்டும். அது தேய்ந்திருக்க வேண்டும், ஆனால் ஒழுங்கில்லாமல் தேய்ந்திருக்க வேண்டும். சுற்றிவர ஒரே அளவாகத் தேய்ந்திருந்தால் எவனோ ஒரு கெட்டிக்காரன் உட்கார்ந்து உரசியிருக்கிறான். பூதக்கண்ணாடியில் நீலம் புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் அச்சு. தூரிகை தயங்கி நின்ற இடங்களில் நீலம் தேங்கிக் கறுத்திருந்தால் கை வேலை. தேயிலைச் சாயத்தில் ஊறப்போட்டுக் கிழடாக்கிய சாடிகளை அவள் மணந்தே பிடித்துவிடுவாள். கொழும்பிலிருந்து வந்த வியாபாரி ஒருவன் அப்படி ஒன்றை நீட்டியபோது, "இதுக்குச் சீனி போட்டீங்களா, போடல்லையா?" என்று கேட்டு அனுப்பியவள்.

போன கிழமை புத்தளத்தில் ஒரு வலீமா கல்யாண விருந்துக்குப் போய்த் திரும்பும்போதுதான் தலவிலயில் இறங்கினார்கள். வேனை ஓட்டியவன் தம்பி றிஸ்கான். ஆலங்குடாவில் பட்டம் பிடித்துக் கடலில் சறுக்க வரும் வெள்ளைக்காரர்கள் தங்க அவன் கபானா என்ற கடற்கரைக் குடில் நடத்துகிறான். றோசலின் கருவாடு போட்டுப் பிழைக்கிறவள். மன்னார்ப் பக்கம் பேசாலையிலிருந்து தொண்ணூறாம் ஆண்டு சண்டைக்குத் தப்பி வள்ளத்தில் வந்து சேர்ந்த குடும்பம். அவளுடைய மகள் யதுர்சிகாவுக்கு டீச்சர் இரண்டு வருடம் பின்னேரங்களில் காசு வாங்காமல் வரலாறு சொல்லிக் கொடுத்திருந்தாள். பிள்ளை இப்போது சிலாபத்தில் தாதி. அந்தப் பக்கம் போனால் இறங்கி ஒரு சுகம் விசாரிக்காமல் வருவதில்லை.

அன்றுதான் வீட்டில் வைத்துக் கும்பிடும் அன்னம்மாள் சுரூபத்துக்கு முன்னால் பிளாஸ்டிக் ரோசாப்பூக்களோடு நின்ற அந்தச் சாடி கண்ணில் பட்டது. டீச்சர் பூவை எடுத்து வைத்துவிட்டு மெல்லக் கவிழ்த்துப் பார்த்தாள். வெள்ளையில் நீலம். ஒரு பைன் மரம், அதன் கீழே இரண்டு மான். ஒரு பக்கம் கடல் மணலில் உரசி மங்கிப் போயிருந்தது, மறு பக்கம் நேற்றுத்தான் சூளையிலிருந்து எடுத்தது போல இருந்தது. ஒல்லாந்தன் கற்பிட்டியில் கோட்டை கட்டிக்கொண்டிருந்த காலத்தில் சீனாவிலிருந்து கப்பலேறிய சாமான்!

"எங்கட அம்மப்பா பேசாலையில வலையில இழுத்தது டீச்சர்," என்றாள் றோசலின். "நாங்க வள்ளத்தில வரேக்க அம்மா எங்கட பிறப்புச் சேட்டிபிக்கட், நகை நட்டு எல்லாத்தையும் இதுக்குள்ள போட்டு, சீலையால வாயக் கட்டி, மடியில வச்சிருந்தவ. நல்ல சாமானோ?"

"சும்மா பழைய சாடிதான் றோசலின். பூ வைக்க நல்லம்."

இது பொய்தான். ஆனால் இந்தக் கரையில் இதைப் பொய்யென்று யாரும் சொல்லமாட்டார்கள். கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாது. கொழுகொழுவென்று இருக்கும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, "என்ன, புள்ள மெலிஞ்சிட்டே" என்று கவலைப்படுகிற ஊர் இது. அடுத்தவர் வீட்டுப் பொருளை வாயாரப் புகழ்ந்தால் அந்தப் பொருளுக்கும் ஆகாது, வீட்டுக்கும் ஆகாது. மற்றவர்கள் ஒரு "மாஷா அல்லாஹ்" சொல்லிச் சமாளித்துக்கொள்வார்கள். டீச்சருக்குச் சாடி விஷயத்தில் தன் கண்ணின் மேலேயே நம்பிக்கை இல்லை. அதனால் எந்த வீட்டுக்குப் போனாலும், எந்தச் சாடியைப் பார்த்தாலும், வீட்டுக்காரர் முன்னால் அவள் சொல்லும் தீர்ப்பு ஒன்றுதான்: சும்மா பழைய சாடி. வேனில் ஏறிக் கதவைச் சாத்திய பிறகுதான் வாய் திறப்பாள். அன்றும் அப்படித்தான், தலவிலயிலிருந்து ஆலங்குடாச் சந்தி வரைக்கும் அந்த மானையும் மரத்தையும் பற்றித் தம்பியிடம் ஓயாமல் பேசிக்கொண்டு வந்தாள். அவன் ஒன்றும் பேசாமல் ஓட்டினான். கேட்டுக்கொண்டிருந்தான் என்பது இப்போதுதான் விளங்கியது.

டீச்சர் அபாயாவை மாட்டிக்கொண்டு அடுத்த தெரு அஸ்ஜத்தின் ஓட்டோவைக் கூப்பிட்டாள். "வெரசா ஓட்டு" என்றதைத் தவிர ஆலங்குடா வரைக்கும் அவள் வாயிலிருந்து ஒரு சொல் வரவில்லை. அஸ்ஜத் பேச்சுக்காரன். அவனே பயந்து வாயை மூடிக்கொண்டான்.

கச்சான் காற்று மண்ணை வாரி முகத்தில் அடித்தது. றிஸ்கானின் கபானாவில் வண்டிச் சில்லு கூரையில் தொங்கும், துடுப்பு சுவரில் தொங்கும், உடைந்த நங்கூரம் வாசலில் கிடக்கும். இருக்கிற இடத்தில் எதையும் இருக்கவிடக்கூடாது என்பது அவனுடைய அலங்காரம். டீச்சர் செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே போனாள். நடு மேசையில் ஈரச் சாக்கை விரித்து, அதன் மேல் சாடியைத் தலைகீழாக நிறுத்தியிருந்தார்கள். பக்கத்தில் ஒரு பேசினில் பால் கலந்தது போலத் தண்ணீர். மின்சார வேலைக்கு வந்த வயரிங் பாஸ் ட்ரில்லைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

சாடியின் அடியில், நடு மத்தியில், பெருவிரல் போகிற அளவுக்கு ஓர் ஓட்டை.

டீச்சர் அதற்குள் விரலை விட்டுப் பார்த்தாள். பேசினில் வெள்ளையாகக் கலங்கிக் கிடந்தது சாடியின் தூள் என்று அப்போதுதான் புரிந்தது.

"வாங்க லாத்தா," என்று குசினிப் பக்கமிருந்து றிஸ்கான் சிரித்துக்கொண்டு வந்தான். "லாம்பு! ஓட்டைக்குள்ளால வயரப் போட்டு, மேல ஒரு தொப்பியும் வந்திச்செண்டா எப்படி ஈக்கும் பாருங்க. வெள்ளக்காரன் படம் புடிச்சே சாவான்."

"நாயே!" என்றாள் டீச்சர். முப்பது வருட ஆசிரியத் தொழிலில் வகுப்பறையில் ஒருநாளும் சொல்லாத சொல். பாஸ் ட்ரில்லைத் தூக்கிக்கொண்டு பின்வாசலால் நழுவினார். "கடலுக்குள்ள எத்தின வருசம் கெடந்திச்சோ, அந்தக் கடல் ஒரு ஓட்ட போடல்ல! அந்த மனுசிட உம்மா வள்ளத்துல மடியில வெச்சிக்கொண்டு வந்த சாமான். ஒரு கீறல் போடல்ல! ஒனக்கு ஓட்ட போட ஒரு பகல் காணுமாயிருந்திச்சு, என்ன? என்ட பேரச் சொல்லி எடுத்துக்கொண்டு வந்தியேடா. என்ன சொன்ன அவகிட்ட?"

"நீங்க சொன்னதத்தான் நானும் சொன்ன. சும்மா பழைய சாடி, லாத்தா புதுசு ரெண்டு அனுப்பியீக்கா, இதத் தாங்க எண்டு. இதுல என்ன பொய்?"

"நான் அனுப்பினேனாடா?"

"அனுப்பல்ல. சரி, அது ஒண்டு பொய்." அவன் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். சிரிப்பு இன்னும் போகவில்லை. "மத்தது ஒங்கட பொய். முந்நூறு வருசத்துச் சாமான எதுக்கு சும்மா சாடி எண்டீங்க?"

"கண்ணூறு படக்கூடாதெண்டு சொன்னது. ஒனக்குத் தெரியாதா?"

"தெரியும், தெரியும். குறிஞ்சிப்பிட்டி ஷிஹாராட வூட்டுப் பச்சைச் சாடிக்கும் அப்படித்தானே? நான்தானே வேன் ஓடின. கையில எடுத்தீங்க, பொரட்டினீங்க, சும்மா பழசு எண்டு வெச்சீங்க. வெச்சிட்டு மறுவா எடுத்தீங்க. வாசல் வரைக்கும் வந்து திரும்பிப் பாத்தீங்க. அந்த மனுசி பின்னால ஓடிவந்து பையில போட்டுத் தந்தா. நீங்க வேணாம் வேணாம் எண்டீங்க. கையில வாங்கிக்கொண்டுதான் எண்டீங்க."

டீச்சரின் கை ஓங்கியது. ஐம்பத்தொன்பது வயதில், ஐம்பது வயதுத் தம்பியின் கன்னத்துக்கு நேராக ஓங்கியது. இறங்கவில்லை.

"அடிங்க லாத்தா. ஒங்கட அலுமாரியில எத்தினைய கடையில வாங்கினீங்க? நான் ரெண்டு சாடியாவது குடுத்துத்தான் எடுத்த."

கள்ளன் பொய் சொன்னால் கோபம் வரும். அதே கள்ளன் வாயிலிருந்து உண்மை வந்தால் வருகிற கோபத்துக்கு எங்கே போவது? டீச்சருக்கு அவனைப் பார்க்கவும் பிடிக்கவில்லை, அவன் முகத்தில் தெரிந்த தன் வாப்பாவின் மூக்கைப் பார்க்கவும் பிடிக்கவில்லை. கதிரையில் காய்ந்த துவாய் ஒன்றை இழுத்துச் சாடியைச் சுற்றினாள். "என்ட வூட்டு வாசல மிதிச்சிராத" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள். பின்னாலிருந்து அவன் என்னவோ சொன்னான். காற்று அதைக் கொண்டுபோய்விட்டது.

"தலவிலக்கு," என்றாள் அஸ்ஜத்திடம்.

போகும் வழியெல்லாம் மடியில் சாடியும் மனதில் மற்ற இருபத்துமூன்றும் குலுங்கின. கொழும்பிலும் புத்தளத்திலும் கடையில் வாங்கியவை நாலு. மிச்சம் பத்தொன்பதும் "கிடைத்தவை". அந்தச் சொல்லை அவள் எத்தனை வருடமாக, எத்தனை பேரிடம், எவ்வளவு பெருமையோடு சொல்லியிருப்பாள்! எப்படி டீச்சர் இது என்று கேட்டால், கிடைத்தது. ஒரு வீட்டிலும் அவள் கேட்டதில்லை. கேட்கவில்லை என்பதுதான் அவளுடைய மானம், மரியாதை எல்லாம். இப்போது யோசித்தால், கேட்டிருந்தால் மாட்டேன் என்று சொல்லவாவது அவர்களுக்கு ஒரு வழி இருந்திருக்கும். தம்பியின் மேல் வந்த கோபம் இறங்கவில்லை. அது பாதியாகப் பிரிந்து, ஒரு பாதி அவள் பக்கம் திரும்பி நின்றது.

றோசலின் முற்றத்தில் படங்கு விரித்துக் கருவாடு புரட்டிக்கொண்டிருந்தாள். டீச்சரைக் கண்டதும் கையைக் கழுவிக்கொண்டு ஓடிவந்தாள். உள்ளே சுரூபத்தின் இரு பக்கமும் தங்கக்கரை போட்ட இரண்டு ரோசாப்பூச் சாடிகள் பளபளவென்று நின்றன. அவற்றின் அடியைப் பார்க்கத் தேவையில்லை. டீச்சர் உட்காராமலே துவாயைப் பிரித்தாள்.

"றோசலின், அந்த ரெண்டும் நான் அனுப்பின சாடியில்ல. இத நான் கேக்கவுமில்ல. தம்பி ஒங்கள ஏமாத்திட்டான். நானும் ஏமாத்தினதுதான். அண்டைக்கு நான் சொன்னது பொய்."

பிறகு, எந்த வீட்டிலும் செய்யாத ஒன்றை அவள் அங்கே செய்தாள். வீட்டுக்காரியின் முன்னால், அவளுடைய கூரைக்குக் கீழே, அந்தச் சாடியைப் புகழ்ந்தாள். மானின் கழுத்தில் தூரிகை நின்று திரும்பிய இடத்தைக் காட்டினாள். மங்கிய பக்கம் எத்தனை காலம் கடலடி மணலில் கிடந்திருக்கும் என்று சொன்னாள். இலங்கையில் இப்படி ஒன்றை நூதனசாலைக் கண்ணாடிக்குள்தான் பார்த்திருக்கிறேன் என்றாள். கடைசியில் கவிழ்த்து ஓட்டையைக் காட்டினாள்.

றோசலின் ஓட்டையைப் பார்த்தாள். முகம் இறுகியது.

"நல்ல சாமானெண்டு எனக்குத் தெரியும் டீச்சர்."

"தெரியுமா?"

"நீங்க அண்டைக்கு அதைப் பாத்த பார்வை போதாதோ? பசியில கிடந்த பிள்ளை பாணைப் பாக்கிற மாதிரி. வாய் ஒண்டு சொல்லுது, கண் ஒண்டு சொல்லுது. கேக்க வெக்கப்படுறா எண்டு நினைச்சன். தம்பி வந்து கேட்டோடன, சரி, டீச்சர்தான் அனுப்பியிருக்கிறா, வாயால கேக்க ஏலாம ஆள் விட்டிருக்கிறா எண்டு நினைச்சன். என்ர பிள்ளைக்கு ரெண்டு வருசம் சும்மா படிப்பிச்ச மனுசி. அம்மாட சாடிய விட உங்களுக்குத் தர என்னட்ட வேற என்ன இருக்கு? புதுச்சாடிக்கு மாத்தினதெண்டு நினைச்சீங்களோ? நான் உங்களுக்குத் தந்தனான். உங்கட தம்பிக்குத் தரேல்ல. லைட்டுப் போடத் தரேல்ல."

"கண்ணூறு படக்கூடாதெண்டுதான் றோசலின் நான்..."

"பட்டிட்டுதுதானே டீச்சர்."

றோசலின் கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். டீச்சர் சாடியை மெல்ல மேசைப் பக்கம் நகர்த்தினாள். றோசலின் அதை அதே வேகத்தில் திருப்பி நகர்த்தினாள்.

"தந்ததைத் திருப்பி எடுக்கிற பழக்கம் எங்களிட்ட இல்ல. இனி இது இஞ்ச இருந்தா, நான் செபம் சொல்லேக்க அம்மாட முகம் வராது. உங்கட முகம்தான் வரும். கொண்டுபோங்க." சுரூபத்துக்குப் பக்கத்தில் நின்ற தங்கக்கரைச் சாடிகள் இரண்டையும் எடுத்து ஒரு சொப்பிங் பையில் போட்டு நீட்டினாள். "இதையும் தம்பியிட்டக் குடுத்திடுங்க. அன்னம்மாளுக்கு ஒரு போத்தலில பூ வச்சாலும் காணும்."

"றோசலின், என்ன ஏசுங்களன். நல்லா ஏசிடுங்க."

"உங்கள ஏச எனக்கு வாய் வராது டீச்சர். அதுதானே உங்களுக்கும் வசதி. எல்லாரும் டீச்சர், டீச்சர் எண்டு தந்துகொண்டே இருப்பினம்." அவள் முற்றத்துக்கு இறங்கிவிட்டாள். "கருவாட்டுக்குக் காகம் வருது. நான் போகோணும்."

கையில் பையும், மார்போடு அணைத்த சாடியுமாக டீச்சர் ஓட்டோவுக்கு நடந்தாள். அன்னம்மாள் கோயில் பக்கமிருந்து திருநாளுக்குப் பந்தல் போடும் சத்தம் கேட்டது. முற்றத்தைத் தாண்டும்போது றோசலின் நிமிர்ந்து பார்க்கவில்லை. டீச்சருக்குத் தம்பியின் மேல் கோபம், தன் கண்ணின் மேல் கோபம், தன் வாயின் மேல் அதைவிடக் கோபம், ஏசாமல் விட்ட றோசலின் மேலும் கோபம். ஓட்டோவில் ஏறியவள் பையைக் காலடியில் போட்டாள். உள்ளே தங்கக்கரைச் சாடிகளில் ஒன்று விரிசல் விட்ட சத்தம் கேட்டது. குனிந்து பார்க்கவில்லை.

"வூட்டுக்கா டீச்சர்?" என்றான் அஸ்ஜத்.

"குறிஞ்சிப்பிட்டிக்கு. ஷிஹாராட வூடு தெரியுமா?"

"தெரியாம? பள்ளிக்குப் பின்னால." அவன் கண்ணாடியில் அவளையும் மடியிலிருந்த சாடியையும் பார்த்தான். அந்தக் கரையில் எல்லோருக்கும் டீச்சரைத் தெரியும். "என்ன டீச்சர், அங்கயும் சாடி ஏதாச்சும் எடுக்க ஈக்கா?"

"இல்லடா," என்றாள் முஃப்லிஹா டீச்சர். "ஏச்சு வாங்க."